ரெஜைனாவிலிருந்து கேட்ட தம்பிக்கு, செல்லூரிலிருந்து

தம்பி, நீ கேட்டது இதுதான்: கனடாவின் ரெஜைனாவுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. வகுப்பு விட்டால் அறை, அறைக்கு வந்தால் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கணினி விளையாட்டின் டவுன்லாங் ஸ்டெப்ஸ் புல்வெளி. விடிய விடியக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். உடன் தங்கியிருப்பவர்கள் கணினியை விற்றுத் தொலை என்கிறார்கள். முதல் குளிர்காலத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று தெரிய வேண்டும் உனக்கு.

விற்காதே. தனியாக ஆடுவதை மட்டும் நிறுத்து.

விடுப்பில் வந்து, செல்லூரில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாசி பிறந்ததுமே தரை சுடத் தொடங்கிவிட்டது. நீ இப்போது பார்க்கும் பனியை நான் முதன்முதலில் பார்த்தது 2012-இல். அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்றுதான் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் டவுன்லாங் அடங்கிய பாண்டேரியா நிலம் திறந்தது. நீ ஆடுவது 2025 ஜூலையில் மறுபடி வெளியிட்ட கிளாசிக் பதிப்பு. நிலம் அதேதான். சிம்மக்கல் பிரவுசிங் சென்டரில் என்னோடு ஆடிய நான்கு பேரும் அப்போது மதுரையில் இருந்தார்கள். அவர்கள் கூடும் நேரத்தில் எனக்கு வகுப்பு, நான் உட்காரும் நேரத்தில் அவர்களுக்கு வேலை. அதனால் தனியாகவே போனேன்.

போய் என்ன செய்தேன்? 90-ஆம் நிலையை எட்டிய பிறகு, அந்தக் காலத்தில் கோல்டன் லோட்டஸ் அமைப்பிடம் போதிய மதிப்பைச் சேர்த்தால்தான் டவுன்லாங்கில் ஷாடோ-பான் காவலர்கள் நாள்தோறும் தரும் பணிகள், அதாவது தினசரி குவெஸ்ட், திறக்கும். சேர்ப்பதற்கே வாரக்கணக்கில் ஆனது. திறந்த பிறகும் அதே வேலைதான். இன்று கொன்ற மாண்டிட் பூச்சிப் படை நாளை அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் நிற்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில் அது வசதியாக இருந்தது. எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு நாள் போனில் அம்மா, "குரல் ஏன் இப்படி இருக்கிறது, தொண்டை கட்டிக்கொண்டதா?" என்று கேட்டார். சளி எதுவும் இல்லை. அந்த வாரம் முழுவதும் நான் யாரிடமும் வாய் திறந்து பேசியிருக்கவில்லை. அதை உணர்ந்த இரவு எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. உன் கடிதத்தைப் படித்தபோது அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நிலத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றும் பிரியம்தான். நீ நாகமலை புதுக்கோட்டைக்காரன், உனக்குச் சொல்லவே வேண்டாம். பாண்டியன் அம்பில் வீழ்ந்த பாம்புதான் மலையாகக் கிடக்கிறது என்று கேட்டு வளர்ந்த நமக்கு, டவுன்லாங்கின் கிழக்கே ஓடும் அந்தப் பெருஞ்சுவருக்கு நாகத்தின் முதுகெலும்பு என்று பெயர் என்றதும் உடம்பு சிலிர்க்காதா? அடிமைகளை வைத்து மோகு பேரரசு கட்டிய சுவர் அது. நூறாண்டுக்கு ஒருமுறை மாண்டிட் படை திரண்டு சுவரை நோக்கி வரும். இந்த முறை காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. போரின் காரணம் அதுதான்.

நடுவில் நசுங்கியவர்கள் யாங்கோல் மக்கள். காளை முகம் கொண்டவர்கள், எண்ணெயும் நெருப்புமாகப் புல்வெளியில் திரிந்தவர்கள். மாண்டிட் துரத்த, சுவரைத் தாண்டிக் குன்-லாய் மலைக்குள் நுழைகிறார்கள். அங்கே நாம் அவர்களை முதலில் கொள்ளைக்காரர்களாகத்தான் பார்க்கிறோம். டவுன்லாங்குக்கு வந்த பிறகுதான், அவர்கள் வீடிழந்து ஓடி வந்தவர்கள் என்று புரிகிறது. இந்த வரிசையை அமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

உன் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் புல்வெளியும் வெற்று நிலம் அல்ல. அங்கே வாஸ்கனா ஏரியைப் பார்த்திருப்பாய். எலும்புக் குவியல் என்று பொருள்படும், பூர்வகுடிகளின் கிரீ மொழிப் பெயரிலிருந்து வந்தது அது, காட்டெருமை எலும்புகள். பூர்வகுடிகளோடு 1874-இல் கையெழுத்தான நான்காம் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட மண்ணில்தான் நீ வாடகைக்கு இருக்கிறாய். பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு மரபினரான மெட்டி மக்களின் தலைவர் லூயி ரியெலை 1885 நவம்பர் 16 அன்று அதே ஊரில்தான் தூக்கிலிட்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அந்த ஊர் ஊராகத் தெரிந்தது. பனி கொஞ்சம் குறைந்ததும் ஏரியைச் சுற்றி நட. காற்றுக்குக் காதும் விரலும் மூடியிருக்க வேண்டும். பழைய கார் வாங்கினால் என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

இப்போது முக்கியமான செய்தி. நேற்று இரவு உன் நண்பர்கள் நால்வரையும் பார்த்தேன். உன் அப்பா கொடுத்த முகவரிக்குப் போனேன். ஒரே அறையில் நான்கு திரை, நடுவில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. நீ அவர்களுடைய ஹீலர், ஆட்டத்தில் காயத்தை ஆற்றுபவன். ஐந்து பேராகப் போக வேண்டிய நியூசாவோ கோவில் முற்றுகைக்கு ஆறு வாரமாக அவர்கள் போகவில்லை. வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு போகலாமே என்றேன். டாங்க் ஆடும், அதாவது முன்னால் நின்று அடி வாங்கும் அந்த உயரமான பையன், "அவன் கோபித்துக்கொண்டானா என்று தெரியவில்லை அண்ணே, கூப்பிட்டால் எடுப்பதில்லை" என்றான். நீ கோபத்தில் இல்லை, கூச்சத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அங்கே சிரமப்படுகிறேன் என்று சொல்ல வாய் வராது. எனக்கும் வரவில்லை. என் நண்பர்களோடு அந்தக் கோவிலுக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. கடைசிச் சண்டையில் மாண்டிட் தலைவன் நெரோனோக் பாலத்தின் மறுமுனைக்குப் பறந்துபோய்க் காற்றை ஏவுவான். எதிர்க்காற்றில் நெருங்கிப் போய் அதை நிறுத்த வேண்டும். அதை அறிமுகமில்லாத நால்வரோடுதான் செய்தேன். முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் பிரிந்து போனார்கள்.

சஸ்காச்சுவானில் கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆண்டு முழுவதும் நம்மூர் பதினொன்றரை மணி நேரம் முன்னால். உன் சனிக்கிழமை காலை 10 மணி அவர்களுக்கு இரவு 9.30. அன்று உனக்கு வகுப்பு இல்லை, அவர்களுக்கு மறுநாள் விடுமுறை. இந்தச் சனிக்கிழமை வருகிறாய் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள். மைக்கை அணைத்து வைக்காதே. முதலில் அந்த உயரமான பையனிடம் பேசு.