மலைப் பீரங்கிகள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

மலைப் பீரங்கி என்றால் சின்னப் பீரங்கி, அவ்வளவுதானே?

சின்னது என்பதைவிடக் கழற்றிச் சுமக்கக்கூடியது என்பதே சரி. ஒரு கோவேறு கழுதை ஒற்றையடிப் பாதையில் நாள் முழுக்கச் சுமக்கும் எடை ஏறத்தாழ 100 கிலோ. குழல், சக்கரம், தாங்குகால் என ஒவ்வொரு பாகமும் அந்த எடையை ஒட்டியே அமைய வேண்டும். ஆக, மலைப் பீரங்கியின் எல்லையை வகுத்தது பொறியாளர் அல்ல, கழுதையின் முதுகு.

'ஸ்க்ரூ கன்' என்கிறார்களே, அதில் எதைத் திருகுவார்கள்?

குழலையேதான். பழைய 7 பவுண்டர் (ஏழு பவுண்டு குண்டைச் சுடும்) மலைப் பீரங்கியின் குழல் ரொம்பக் குட்டை. குழல் குட்டையானால் குண்டின் வேகமும் குறையும், வீச்சும் குறையும். நீட்டினாலோ கழுதை தாங்காது. 1870களின் கடைசியில் பிரிட்டிஷார் இதற்கு வழி கண்டார்கள். 2.5 அங்குலக் குழலைத் தலா 90 கிலோ அளவில் இரண்டு துண்டாகச் செய்து, சண்டைக் களத்தில் தண்ணீர்க் குழாயை இணைப்பது போல ஒரு பெரிய மரையால் முடுக்கிவிட்டார்கள். மொத்தப் பீரங்கிக்கும் ஐந்து கழுதைகள். 1880 ஆகஸ்டில் பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்தியபோது, சக்கரத்தில் இழுக்கும் பீரங்கிகளை விட்டுவிட்டு மலைப் பீரங்கிகளை மட்டுமே கொண்டுபோனார்.

கழுதைகள் மிரண்டு ஓடினால்?

ஓடியிருக்கின்றன! 1899 அக்டோபர் கடைசியில், தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் அருகே நிக்கல்சன்ஸ் நெக் என்ற இடத்தில் இரவோடு இரவாகக் குன்றேறிய பிரிட்டிஷ் படையின் கழுதைகள் இருட்டில் மிரண்டு, பீரங்கிப் பாகங்களோடும் தோட்டாக்களோடும் ஓடிவிட்டன. மறுநாள் அந்தப் படை, டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களிடம் சரணடைந்தது. அதே போயர் போரில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. ஸ்க்ரூ கன் கரும்வெடிமருந்தில் சுடுவது. ஒரு முறை சுட்டதுமே புகை எழும்பி, 'இதோ இங்கே இருக்கிறோம்' என்று எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

எடை குறைந்தால் சுடும்போது பீரங்கியே பின்னால் பாயாதா?

பாயும். இந்தத் துறையின் நிஜத் தலைவலியே அதுதான். கனமான பீரங்கி தன் எடையாலேயே உதைப்பை ஓரளவு அடக்கிவிடும். லேசானதற்கு அந்த வசதி இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த தீர்வு பிரான்ஸின் 1906ஆம் ஆண்டு 65 மி.மீ. பீரங்கி. சுடுவதற்கு முன்பே குழலைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி வைப்பார்கள். விசையை விடுவித்ததும் குழல் முன்னோக்கிப் பாயும். பாய்ந்துகொண்டிருக்கும்போதே தோட்டா வெடிக்கும். உதைப்பு முதலில் அந்த முன்னோட்டத்தை நிறுத்த வேண்டும், மிச்சம்தான் பீரங்கியைத் தாங்கும் வண்டிக்கு. அதனால் மொத்த எடையை 400 கிலோ அளவில் வைக்க முடிந்தது. 1948இல் இஸ்ரேலியர்கள் டெகானியாவில் சிரியப் படையை எதிர்த்துச் சுட்டதும் இந்தக் கிழட்டுப் பீரங்கியால்தான். 'நெப்போலியன்சிக்' என்று கேலிப்பெயரும் வைத்திருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில், குறிப்பாக பர்மாவில்?

இந்திய மலைப் படைப்பிரிவுகளிடம் 3.7 அங்குல ஹோவிட்சர் (குண்டை உயரே வளைத்து எறியும் குட்டைக் குழல் பீரங்கி) இருந்தது. எட்டுக் கழுதைச் சுமை. ஜப்பானியர்களிடம் 75 மி.மீ. '94ஆம் வகை' மலைப் பீரங்கி. அமெரிக்காவின் 75 மி.மீ. பேக் ஹோவிட்சர் இன்னும் ஒரு படி மேலே போனது. அதைப் பிரித்து பாராசூட்டில் போடலாம். 1944 ஏப்ரலில் இங்பும் கா என்ற மலைக் கிராமத்தில் ஓர் அமெரிக்கப் படையணி முற்றுகையில் சிக்கியபோது, அதை மீட்கப் போராடியவர்களுக்கு இரண்டு ஹோவிட்சர்களை வானிலிருந்து இறக்கினார்கள். முன்பு மலைப் பீரங்கிப் பிரிவில் இருந்த காலாட்படை ஆட்களே அவற்றைப் பூட்டிச் சுட்டார்கள்.

கார்கிலில் மலைப் பீரங்கியா ஜெயித்தது?

பேரைப் பெற்றது 155 மி.மீ. போஃபர்ஸ். அது மலைப் பீரங்கியே அல்ல; லாரி இழுப்பது. ஸ்ரீநகர்–லே சாலை அடிவாரத்திலேயே போனதால் அதைக் கொண்டுபோக முடிந்தது. அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் குண்டு கூடுதல் தூரம் போகும். சமவெளிக்குப் போட்ட வீச்சுக் கணக்கை அப்படியே நம்பினால் குறி தப்பும். சாலை இல்லாத மலையில் போஃபர்ஸால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது ஹெலிகாப்டர் இருக்கிறதே, இனி லேசான பீரங்கி எதற்கு?

ஹெலிகாப்டர் தூக்குவதற்குத்தான்! லேசான டைட்டானிய உலோகத்தில் செய்த 155 மி.மீ. பீரங்கியான எம்777 ஏறத்தாழ 4,200 கிலோ. இந்தியா 2016இல் 145 வாங்க ஒப்பந்தம் போட்டது. ஆனால் பலரும் மறப்பது குண்டின் எடையை. பழைய 3.7 அங்குலக் குண்டு 9 கிலோ. பெட்டியையும் சேணத்தையும் கழித்தால் ஒரு கழுதைக்குப் பத்துக்கூடத் தேறாது. 155 மி.மீ. குண்டு ஒன்றே 40 கிலோவுக்கு மேல். பீரங்கியை ஒரு தடவை தூக்கி வைத்தால் போதும். குண்டுகளுக்காக ஹெலிகாப்டர் வந்துகொண்டே இருக்க வேண்டும், மலையில் மேகம் இறங்கினாலும்.