நாய் பிடிக்கவா போனாய் என்று கேட்கும் அப்பாவுக்கும் சேர்த்து

தாராபுரத்துக்குப் பக்கத்திலிருந்து திருமணமாகி டெக்சாஸ் வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "எங்கள் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பி.காம். படித்திருக்கிறேன். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் கணவரின் துணையாக வந்த எச்-4 விசா, வேலை அனுமதி அட்டை கையில் இருக்கிறது. பட்டியிலும் கட்டுத்தரையிலும் வளர்ந்தவள். அப்பாவோ, நாய் பிடிக்கவா அமெரிக்கா போனாய் என்கிறார். உள்ளே என்னதான் வேலை அக்கா? சேரலாமா?"

சேரலாம் அம்மணி. அதே மாநிலத்தில் அதே வேலையில் பல வருடங்களாக இருக்கிறவள் சொல்கிறேன். விடுப்பில் வெள்ளகோவில் பக்கம் ஊருக்கு வந்திருக்கும்போது உங்கள் கேள்வி வந்து சேர்ந்தது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இங்கேயே இருக்கிறது.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பட்டிக்குள் இரவில் நாய்கள் புகுந்துவிட்டன. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கிளுவை வேலியோரம் ஆடுகள் கிடந்தன. தொண்டையில் கடி, தொடையில் சதை பிய்ந்திருந்தது, ஒன்றிரண்டுக்கு இன்னும் மூச்சு இருந்தது. பசிக்குத் தின்றதாகத் தெரியவில்லை, மிரண்டு ஓடியவற்றைத் துரத்தித் துரத்திக் கடித்துப் போட்டிருந்தன. கால்நடை மருத்துவருக்குச் சொல்லியாயிற்று, கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லியாயிற்று. அந்த நாய்களுக்கு யார் பொறுப்பு, யாரைக் கூப்பிடுவது என்று தோட்டக்காரர் கேட்டபோது கூடி நின்றவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. காங்கேயம், சென்னிமலை வட்டாரத்தில் செத்த ஆடுகளோடு விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்ததை உங்கள் அப்பாவும் செய்தித்தாளில் படித்திருப்பார். அமெரிக்காவில் அப்படிக் கூப்பிடுவதற்கென்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து நியமித்திருக்கும் ஆள்தான் நாம்.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். 1960க்கு முன்பு அமெரிக்காவிலும் வெறிநோய் (ரேபிஸ்) பெரும்பாலும் வீட்டு விலங்குகளிடம்தான் இருந்தது. இன்று அங்கே நோய் கண்டறியப்படும் விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வௌவால், ரக்கூன், ஸ்கங்க், நரி போன்ற காட்டு உயிர்கள். நாயிடமிருந்து நாய்க்குப் பரவும் வகை ஒழிந்துவிட்டதாக 2007இல் அறிவித்தார்கள். கட்டாயத் தடுப்பூசி, நாய்க்கு உரிமம், தெருவில் அவிழ்த்துவிடக் கூடாது என்ற சட்டம் ஆகியவை சேர்ந்து செய்த காரியம் அது. அவற்றை வீடு வீடாகப் போய் அமல்படுத்தியதில் இந்த வேலை செய்தவர்களின் உழைப்பு பெரிது. உலகில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்த எவரும் இந்த வேலையைக் கேவலமாகப் பேச மாட்டார்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். நாய் மனிதரைக் கடித்துவிட்டது என்று அழைப்பு வந்தால் மற்றதெல்லாம் அப்புறம். கடித்த நாயைப் பத்து நாள் தனிமையில் வைத்துக் கவனிக்க வேண்டும். கடிக்கும்போது அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும் என்பதுதான் கணக்கு. உரிமையாளர் அழுவார், சண்டைக்கு வருவார், நாயை மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்பார். நாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரை நீங்கள் விடக்கூடாது.

வௌவால் அழைப்பு அதைவிடக் கவனமானது. குழந்தை தூங்கிய அறையில் காலையில் ஒரு வௌவால் இருந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் அது கடிக்கவில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதன் பல் அவ்வளவு சிறியது. அதைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். பரிசோதிப்பது மூளையைத்தான். எனவே யாரும் துடைப்பத்தால் அதன் தலையில் அடித்துவிடக் கூடாது. தொலைபேசியில் நான் முதலில் சொல்வது இதுதான்: கதவைச் சாத்துங்கள், அடிக்காதீர்கள், வந்துகொண்டிருக்கிறேன். தடித்த கையுறை, ஒரு சிறிய டப்பா, ஓர் அட்டை, இவ்வளவுதான் கருவி. சுவரில் ஒட்டியிருக்கும் வௌவாலின் மேல் டப்பாவைக் கவிழ்த்து, அட்டையை மெல்ல அடியில் நுழைக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும், உறைந்துவிடக் கூடாது. ஆஸ்டினில் இருக்கும் மாநில ஆய்வகத்திலிருந்து பதில் வரும்வரை அந்தத் தாய் நம் எண்ணுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

தோட்டத்துப் பழக்கம் உதவுமா என்றால், நிறைய உதவும். கண்ணபுரம் சந்தையில் அப்பா ஒரு பூச்சிக்காளையை, அதாவது இனவிருத்திக்கு வளர்க்கும் காளையை, எப்படி நெருங்குவார் என்று நினைத்துப் பாருங்கள். விலாப்பக்கமாக வந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கண்ணுக்குக் கண் பார்க்காமல் நெருங்குவார். பயந்த நாயிடமும் அப்படியே போக வேண்டும். கண்ணி வைத்த நீளக் கம்பு வண்டியில் இருக்கும். ஆனால் முதலில் கையில் எடுப்பது சாதாரணச் சுருக்குக் கயிறுதான். அவசரப்பட்டுக் கம்பை நீட்டுகிறவர்கள்தான் கடி வாங்குகிறார்கள். வேலியைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வரும் மாடுகள் டெக்சாஸ் சட்டப்படி கவுன்ட்டிக் காவல் தலைவரான ஷெரிப்பின் பொறுப்பு. ஆனாலும் எங்கள் கவுன்ட்டியில் இரவில் எங்களையும் எழுப்புவார்கள். அந்த நேரத்தில் காங்கேயம் மாடு மேய்த்த கையின் அருமை உடன் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

ஊர்ப் பழக்கம் சிலவற்றை விட்டுவிடவும் வேண்டும். தோட்டத்து நாயைச் சங்கிலியில் கட்டி வெயிலில் போடுவது நமக்குக் குற்றமாகப் படாது. டெக்சாஸில் 2022 ஜனவரியிலிருந்து, வெளியில் கட்டி வைக்கும் நாய்க்குச் சங்கிலி கூடாது. நிழலும் குடிநீரும் மழைக்கு ஒதுங்க இடமும் கட்டாயம். இந்தச் சட்டத்தைக் கதவு தட்டிச் சொல்வதில்தான் நம் நாளில் பெரும்பகுதி போகிறது. எடுத்ததும் அபராதச் சீட்டை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. தனியாக வாழும் ஒரு முதியவருக்கு நாய்க்கூண்டு வாங்கப் பணமிருக்காது. விலங்குக் காப்பகத்தில் நன்கொடையாக வந்த கூண்டைக் கொண்டுபோய் இறக்கிவைத்தால் அங்கே விஷயம் முடிந்துவிடும். வேண்டுமென்றே பட்டினி போடுகிறவரிடம் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். புகைப்படம், தேதி, நேரம், நாயின் உடல்நிலை எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். நீதிமன்றத்தில் உங்கள் அறிக்கையைத்தான் வரி வரியாகப் படிப்பார்கள். எனவே ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப் பழகுங்கள். கொஞ்சம் ஸ்பானிஷும் வேண்டும், அது இல்லாமல் பாதி வீடுகளில் பேசவே முடியாது.

இந்த வேலையின் கடினமான இடத்தையும் மறைக்க மாட்டேன். பல காப்பகங்களில் இடம் போதாது. நோய், மூர்க்கம் காரணமாக மட்டுமல்ல, கூண்டு இல்லாத காரணத்தாலும் சில விலங்குகளுக்குக் கருணைக்கொலை ஊசி போடுகிறார்கள். நீங்கள் கொண்டுவந்த நாயாகவே அது இருக்கலாம். சில இடங்களில் அலுவலரே பயிற்சி பெற்று ஊசி போட வேண்டும், சில இடங்களில் அதற்கு வேறு ஆள் உண்டு. நேர்காணலில் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இதை வருடக்கணக்கில் பார்த்து மனம் களைத்து விலகிய நல்ல ஊழியர்கள் எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்களால் முடியுமா என்பதை வேலைக்குச் சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தகுதி அவ்வளவு கடினமில்லை. பெரும்பாலும் பள்ளிப் படிப்பு, ஓட்டுநர் உரிமம், குற்றப் பின்னணிச் சோதனை, பாரம் தூக்கும் உடம்பு, இவ்வளவே. இந்தியச் சான்றிதழ்களை மதிப்பீட்டு நிறுவனத்தில் கொடுத்துச் சமநிலைக் கடிதம் வாங்கி வையுங்கள். டெக்சாஸில் சேர்ந்த ஓராண்டுக்குள் அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும், பிறகு மூன்றாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் பயிற்சி.

விசா விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். பட்டம் கட்டாயமில்லாத வேலை என்பதால் இதற்கு எச்-1பி கிடைக்காது. உங்கள் வேலை அனுமதி அட்டை கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பத்தை நம்பி நிற்பது. அட்டை காலாவதியானால் அன்றோடு வேலையை நிறுத்த வேண்டும், ஆகவே புதுப்பிக்கும் தேதியை இப்போதே குறித்து வையுங்கள். காவல் துறைக்குள் இயங்கும் பிரிவுகளில் சில, குடியுரிமை கேட்கும். விளம்பரத்தின் அடிவரை படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கணினித் துறைச் சம்பளத்தோடு இதை ஒப்பிடாதீர்கள், அதன் பக்கத்தில்கூட வராது. அரசு வேலை என்பதால் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் உண்டு. இரவு முறையும் பண்டிகை நாள் வேலையும் உண்டு. தீபாவளியன்று விடுப்புக் கிடைக்கும் என்று மாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் கவுன்ட்டிக் காப்பகத்துக்கு ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். ஓர் அலுவலரோடு வண்டியில் ஒருநாள் கூட வர அனுமதிப்பீர்களா என்று கேளுங்கள், பல இடங்களில் அனுமதிப்பார்கள். கூண்டு வரிசையில் ஒருமுறை நடந்து பாருங்கள், சத்தமும் நாற்றமும் பழகுமா என்று தெரிந்துவிடும். வேலை கிடைத்துவிட்டால், களத்தில் இறங்கும் முன்பே வெறிநோய் முன்தடுப்பூசியைக் கேட்டு வாங்குங்கள். 2022 முதல் பரிந்துரை இரண்டு ஊசி, முதல் ஊசி போட்டு ஏழு நாள் கழித்து இரண்டாவது. பல இடங்களில் செலவை அலுவலகமே ஏற்கும். தாமதமானால் வாய்விட்டுக் கேளுங்கள். ஊசி போடும் வரை காட்டு விலங்கு அழைப்புக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.