உதவியாளர் எழுதிய மருந்துச் சீட்டு செல்லுமா?

கேள்வி: நீரிழிவு உள்ள என் தாயார், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் என் அண்ணன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது காலில் கட்டி வந்து, அங்குள்ள மருந்தகம் (கிளினிக்) ஒன்றுக்குப் போயிருக்கிறார். அவரைப் பார்த்தவர் மருத்துவர் அல்லர். ‘ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்’ என்கிறார்கள். அவரே கட்டியைக் கீறிச் சீழை எடுத்து, ஆன்டிபயாடிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருத்துவர் அந்த அறைக்குள் வரவே இல்லையாம். ஓர் உதவியாளர் இவ்வளவும் செய்யலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: செய்யலாம். ‘உதவியாளர்’ என்ற சொல்தான் உங்களைக் கலங்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நம் பேட்டை மருந்தகங்களில் பெயரைப் பதிந்து, மாத்திரை உறையில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று குறித்துக் கொடுக்கும் பணியாளரையே அச்சொல் நம் நினைவுக்குக் கொண்டுவருகிறது. உங்கள் தாயாரைப் பார்த்தவர் அவரைப் போன்றவர் அல்லர். மருத்துவர் பற்றாக்குறையை ஈடுகட்ட, 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் மருத்துவப் பணியாற்றிய நால்வரைக் கொண்டு தொடங்கிய தொழில் அது. இன்று அதில் சேர விரும்புபவர் பட்டப்படிப்புக்குப் பிறகு ஏறக்குறைய 27 மாதங்கள் முதுநிலைப் பயிற்சி பெற்று, தேசியத் தேர்வில் தேறி, மாநில உரிமமும் பெற வேண்டும். அவருடைய அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘பிஏ-சி’ என்று இருந்திருக்கும். ‘பிஏ’ என்பது ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் என்பதன் சுருக்கம்; அந்தச் ‘சி’ தேசியச் சான்று பெற்றவர் என்பதைக் குறிக்கும்.

நோயாளியைப் பரிசோதிப்பது, இரத்தச் சோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் எழுதுவது, நோயைக் கண்டறிவது, தையல் போடுவது, அறுவை சிகிச்சையில் மருத்துவருக்குத் துணைநிற்பது, மருந்து எழுதுவது ஆகிய யாவும் அவர் பணிக்குள் அடங்கும். ஆயினும் மேற்பார்வையிடும் மருத்துவர் எவற்றை அவரிடம் ஒப்படைத்திருக்கிறாரோ, அவற்றுக்கு அப்பால் அவர் போக முடியாது.

மருத்துவர் வராததைக் குறையாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மேற்பார்வை என்றால் பக்கத்தில் நின்று பார்ப்பது என்றே நாம் பொருள்கொள்கிறோம். டெக்சஸ் சட்டமோ, மேற்பார்வை இடையறாது இருக்க வேண்டும் என்று சொன்னாலும், மருத்துவர் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. தேவைப்படும்போது தொலைபேசியிலாவது அவர் கிடைக்க வேண்டும். மருந்து எழுதும் உரிமையை அளிக்க இருவருக்கும் இடையே எழுத்து வடிவ ஒப்பந்தம் இருக்க வேண்டும். நோயாளிக் குறிப்புகளையும் மருத்துவர் அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். மார்ஃபின் போன்ற கடுமையான வலிநிவாரணிகளை அங்கே இவர்கள் மருத்துவமனையிலோ இறுதிக்காலப் பராமரிப்பிலோ மட்டுமே எழுத முடியும். மற்ற மாநிலங்களின் விதிகள் வேறுபடும் என்பதால், டெக்சஸில் கண்டதை நியூஜெர்சிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சட்டப்படி சரி என்பதற்காக நோயாளி வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. நீரிழிவுக்காரரின் காலில் வரும் புண் எளிதில் ஆறாது. “மருத்துவரும் ஒருமுறை பார்க்கட்டும்” என்று உங்கள் தாயார் தயங்காமல் கேட்டிருக்கலாம். நம் முதியவர்கள் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே கேள்வி கேட்கக் கூசுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

சிங்கப்பூரில் இத்தொழில் இல்லை. பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்) மருத்துவமனைகளிலும் பணியாற்றும் ‘அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ்’ எனப்படும் உயர்தகுதித் தாதியரே இதற்கு நெருக்கமானவர்கள். அவர்களிலும் மருந்தாளர்களிலும் தனிப்பயிற்சி பெற்றவர்கள், மருத்துவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்கீழ் 2018 முதல் மருந்து எழுதி வருகிறார்கள்.

தாயார் திரும்பி வந்ததும், அங்கே கொடுத்த குறிப்புகளையும் மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். அந்த அமெரிக்கச் சீட்டைக் காட்டி இங்கே மருந்து வாங்க இயலாது. இங்குள்ள மருத்துவர் புண்ணைப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டும்.