கூச்சப்பட்டால் ஆம்பிளை

கேள்வி: பெண்கள் மட்டுமே நடமாடும் ஒரு நாட்டைப் பற்றிக் கதை எழுதுகிறேன். வெளியூர்க்காரி ஒருத்தி அங்கே போய் இறங்கிவிட்டாள், அதற்கு மேல் கதை நகரவில்லை. அவளுக்கு முதலில் எது சிரமமாக இருக்கும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சாப்பாடு, பாஷை, ஊர்க்கட்டுப்பாடு எல்லாம் நாலு நாளில் பழகிவிடும், அதற்குப் பக்கத்தை வீணாக்காதீர்கள். பயந்து பயந்தே பழகிய உடம்புதான் லேசில் மாறாது.

வங்காளத்து பேகம் ரொக்கையா இதை எப்போதோ எழுதிவிட்டார். 1905-ல் அவருடைய ‘சுல்தானாவின் கனவு’ கதை வெளியானது, வேறெங்கும் இல்லை, நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ பத்திரிகையில். தோட்டத்தில் உலாவலாம் வா என்று தோழி கூப்பிட, ராத்திரிதானே, வேலைக்காரர்கள் தூங்கியிருப்பார்கள் என்ற தைரியத்தில் கிளம்புகிறாள் சுல்தானா. வெளியே வந்தால் பளீரென்று பகல், தெரு நிறைய ஜனம், தன் முகத்தில் திரை இல்லை. ஓர் ஆண்கூட கண்ணில் படவில்லை, ஆனாலும் தோழியின் கைக்குள் இவள் விரல் நடுங்குகிறது. போகிறவர்கள் என்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னவாம் என்று கேட்டால், நீ ஆம்பிளை மாதிரி இருக்கிறாயாம் என்கிறாள் தோழி! அந்த நாட்டில் ஆண்கள்தான் வீட்டுக்குள், அதனால் கூச்சமும் பயமும் ஆண்களின் குணம். (ரொக்கையாவின் கணவர் இதை நின்றபடியே படித்து முடித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, ஒரு பாதியைத் திறந்துவிட இன்னொரு பாதியைப் பூட்டிவைப்பது எனக்கும் உறுத்துகிறது.)

உங்கள் ஆளை ஒரு பஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள். இடிக்க யாரும் இல்லை என்று தெரிந்தும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள், ஏழு மணி ஆனதும் கடிகாரத்தைப் பார்ப்பாள், யாருக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று யோசிப்பாள். பக்கத்து சீட்டுக்காரி, ‘ஏம்மா, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்கட்டும். கதை தானாக ஓடும்.

கேள்வி: நிஜத்தில் அப்படி ஓர் ஊர் உண்டா? நான் போனால் அடிப்பார்களா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அடிக்க மாட்டார்கள் சார், ராத்தங்கத்தான் முடியாது. கென்யாவின் சம்புரு பகுதியில் இருக்கிற ஊர், பெயர் உமோஜா, சுவாஹிலியில் ஒற்றுமை என்று அர்த்தம். பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதற்காகவே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டு ரெபெக்கா லோலோசோலி 1990-ல் ஆரம்பித்தது. சுற்றிலும் முள்வேலி. பாசிமணி மாலை கோத்துச் சுற்றுலாப் பயணிகளிடம் விற்றுத்தான் ஊர் நடக்கிறது. அங்கே வளர்கிற பையன்களே 18 வயதானால் கிளம்பிவிட வேண்டும், உங்களுக்கு மட்டும் சலுகை கிடைக்குமா? போனால் ஒரு மாலை வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.