காலைச் சிற்றுண்டி கொடுத்தால் மட்டும் பள்ளி வருகை கூடிவிடுமா?

கேள்வி கேட்டவர் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கூடும், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது போதாது.

தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கினார். ஆனால் அது மதியச் சாப்பாடு. விடியும் முன்பே கூலி வேலைக்குக் கிளம்பும் அம்மாவால் காலையில் அடுப்புப் பற்றவைக்க முடியாது. பிள்ளை வெறும் வயிற்றோடு கிளம்பும், அல்லது கிளம்பாமலே இருந்துவிடும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடைத்தது இந்த ஓட்டையைத்தான். மணி அடிக்கும் முன்பே சூடாகப் பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு கிடைக்கிறது. அதனால் நேரத்துக்கு வருவதும் பழக்கமாகிறது.

பசி காரணமில்லாத பிள்ளைகளை என்ன செய்வது? வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஒரே பிள்ளை திங்கட்கிழமைதோறும் வராவிட்டால் ஒரு காரணம், பொங்கல் முடிந்து மாதக்கணக்கில் காணோம் என்றால் வேறு காரணம். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போன பிள்ளையை இங்கே தேடிப் பயனில்லை, சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராவிட்டால் முதலில் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஒன்று: லீவு போட்டுத் திரும்பி வரும் பிள்ளையை வகுப்பின் முன்னே நிறுத்தித் திட்டாதீர்கள். அந்த பயத்திலேயே மறுநாளும் வராது. "வா, நேற்று நடத்தியதைச் சொல்லித் தருகிறேன்" என்று டீச்சர் கூப்பிட்டாலே போதும்.