பெற்றோரை முதியோர் ஹோமில் சேர்க்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அம்மாவுக்கு 79 வயது, தனியாக இருக்கிறார். ரிட்டயர்மென்ட் வில்லா (முதியோர் வளாகத்தில் தனி வீடு) போதுமா, அசிஸ்டட் லிவிங் (அன்றாட வேலைகளுக்கு ஆள் உதவும் இல்லம்) வேண்டுமா? (கோவை)

வயதைப் பார்க்காதீர்கள், ஆறு வேலைகளைப் பாருங்கள். குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரும் மலமும் அடக்க முடிவது, தானே சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தானாக', 'கைத்தாங்கலாக', 'முழு உதவியோடு' என்று எழுதுங்கள். இதற்கு மூன்று நாளாவது அங்கே தங்க வேண்டும், இரவு உட்பட. போனில் கேட்டால் எல்லா அம்மாக்களும் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள்.

ஆறும் தானாக நடந்தால் வில்லா போதும். ஒன்றிரண்டில் கை கொடுக்க வேண்டியிருந்தால் அசிஸ்டட் லிவிங். இரவில் தூக்கி உட்கார வைக்கவேண்டும், மூக்கு வழியாக உணவுக்குழாய் இருக்கிறது என்றால் நர்சிங் வசதி உள்ள இடம்தான் சரிப்படும். வில்லாவில் காவலும் அவசர மணியும் இருக்கும். குளிப்பாட்ட வரும் ஆள் பெரும்பாலும் அந்தக் கட்டணத்தில் இல்லை.

இடம் பார்க்கக் காலை 11 மணிக்குப் போகாதீர்கள், அப்போது எல்லா இடமும் பளபளப்பாகத்தான் இருக்கும். ஞாயிறு இரவு ஏழரைக்குப் போய், இரவுப் பணியில் எத்தனை பேர், எத்தனை முதியவர்களுக்கு என்று கேளுங்கள். அறையில் உள்ள மணியை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள். உட்பக்கம் திறந்தால், விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார்.

அம்மா வரமாட்டேன் என்கிறார். டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லி அழைத்துப்போய் விட்டுவிடலாமா? (மதுரை)

கூடாது. தெளிவான மனநிலையில் உள்ளவரை அவர் சம்மதம் இல்லாமல் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. அதோடு, ஏமாற்றிக் கொண்டுவந்தவர்கள் கொடுக்கும் மருந்தையும் அவர் சந்தேகிப்பார். குறுகிய காலம் தங்கவைக்கும் இடங்கள் உண்டு. ஒரு மாதம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டை வாடகைக்கு விடாதீர்கள், கேஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இரண்டு இடங்களைக் காட்டி அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். அவருடைய தலையணை, சாமி படம், காபி டம்ளர் கூட வரட்டும். அறையில் விளக்கேற்ற அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இந்தச் சின்ன விஷயத்தில் கோபித்துக்கொண்டு திரும்பி வருபவர்கள் உண்டு.

அப்பாவுக்குச் சர்க்கரை, தைராய்டு, பிரஷர். ஹோமில் பிரிஸ்கிரிப்ஷன் கொடுத்தால் போதும் என்கிறார்கள். (திருச்சி)

போதாது. மூன்று டாக்டர்களின் மூன்று சீட்டுகளில் ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் இருக்கும். புது இடத்தில் இரண்டையும் கொடுத்துவிடுவார்கள். வீட்டிலுள்ள மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். பிராண்டு, மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதற்காக என்று ஒரே தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மாத்திரைகளை அட்டையோடு கொடுங்கள். பிரித்து டப்பாவில் போட்டால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காபிக்கும் டிபனுக்கும் அரைமணியிலிருந்து ஒருமணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. ஹோமில் நடப்பது வேறு: டிபன் முடிந்து ஒரே சுற்றில் எல்லா மாத்திரையும் கையில் வரும். மருந்து சரியாக உள்ளே போகாது. அதனால் ஹோமில் சேர்ந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டு அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

சாப்பாட்டு நேர இன்சுலினில் ஆபத்து இன்னும் கூடுதல். நர்ஸ் ஏழு மணிக்கு ஊசி போட்டு, இட்லி எட்டு மணிக்கு வந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். டாக்டர் வேறு நேரம் சொல்லாவிட்டால், 'தட்டு முன்னால் வந்த பிறகே ஊசி' என்று தாளில் பெரிதாக எழுதுங்கள். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும், 15 கிராம் குளுக்கோஸ் (சுமார் மூன்று டீஸ்பூன்) கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவேண்டும். பல இடங்களில் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடும். மறுநாள் டிபன் வரை 13 மணி நேரம். இரவு டோஸையும் படுக்கும்முன் பாலையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீசரில் அல்ல. திறந்த தேதியை இன்சுலின் பேனாவின் (ஊசி போடும் கருவி) மேலேயே எழுதுங்கள்.

சேர்ந்து மூன்று வாரம். திடீரென்று இரவில் பிதற்றுகிறார். 'டிமென்ஷியா, தனி அட்டெண்டர் போடுங்கள்' என்கிறார்கள். (சேலம்)

டிமென்ஷியா பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். இரண்டே நாளில் வந்த குழப்பம் பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடல் கோளாறாலோ மருந்தாலோ வரும் திடீர் மனக்குழப்பம். உடனே டாக்டர் பார்க்க வேண்டியது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, இவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். கண்ணாடியும் காதுக்கருவியும் பெட்டியிலேயே கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். தனி அட்டெண்டர் அதற்கப்புறம்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? (சென்னை)

'எல்லாம் சேர்த்து' என்ற சொல்லை நம்பாதீர்கள். டயப்பர், டாக்டர் வருகை, ஆம்புலன்ஸ், ஜிஎஸ்டி ஒவ்வொன்றும் உள்ளா வெளியா என்று எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா? உதவி கூடினால் கட்டணத்தை யார் எப்படி உயர்த்துவார்கள்? எந்தக் காரணத்துக்கு வெளியேறச் சொல்லலாம்? இறந்தாலோ விலகினாலோ டெபாசிட் எத்தனை நாளில், யாருக்கு? வீட்டையே விலைக்கு வாங்குவதானால் கட்டியவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் கேளுங்கள். ஓய்வுக்கால இல்லங்களுக்கான மத்திய அரசின் 2019 மாதிரி வழிகாட்டுதலில் இது உண்டு. இருவர் ஒப்பந்தமாக இருந்தால், கேன்டீன் மூடிய நாளில் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

அப்பாவுக்கு மறதி ஆரம்பம். பவர் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கினால் கடைசிவரை செல்லுமா? (தஞ்சாவூர்)

செல்லாது. எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவர் முடிந்துவிடும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு. பிறகு உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலர் நியமனம் கேட்டுத்தான் அலைய வேண்டும். எனவே தெளிவாக இருக்கும்போதே சேமிப்புக் கணக்கை 'ஈதர் ஆர் சர்வைவர்' (இருவரில் யாரும், ஒருவர் இறந்தால் மற்றவரும் பணம் எடுக்கலாம்) முறையில் கூட்டுக் கணக்காக மாற்றி, உயிலையும் அவர் விருப்பப்படி எழுதி முடிக்கச் சொல்லுங்கள். கை நடுங்கிக் கையெழுத்து மாறினால், வங்கி அதிகாரி உட்பட இரண்டு சாட்சிகளோடு கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. மத்திய அரசு பென்ஷன் என்றால் நவம்பர் வாழ்வுச் சான்றை (80 தாண்டினால் அக்டோபர் முதலே) ஹோமில் இருந்தபடி போனில் முகம் காட்டியே தரலாம்.