தாத்தாவின் வாட்ச்: சாவி கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: தாத்தா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஃபேவர் லூபா என்ற சுவிஸ் வாட்ச் ஒன்று கிடைத்தது. சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது, தட்டினால் மறுபடி ஓடுகிறது. எந்தக் காலத்து வாட்ச்? திருத்தலாமா? (வாசகி, பொகவந்தலாவை)

முதலில் தட்டுவதை நிறுத்துங்கள். இப்படி ஓடி ஓடி நிற்கும் வாட்சுகளில் அனேகமானவற்றுக்கு உடைசல் எதுவும் இருக்காது, எண்ணெய்தான் காய்ந்திருக்கும். சக்கரங்களின் அச்சு முனைகளில் ஊசி நுனியளவு எண்ணெய்தான் இருக்கும். பல வருடம் சும்மா கிடந்தால் அது பிசினாக இறுகிவிடும். அந்த நிலையில் ஓட்டினால் தூசியும் பிசினும் சேர்ந்து முனையை அரைக்கும். முனை தேய்ந்த பிறகு எவ்வளவு கழுவினாலும் நேரம் சரியாக நிற்காது, சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும்.

"சாவி கூடிப்போய் இறுகிவிட்டது" என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். முழுச் சாவி ஏறியதால் மட்டும் எந்த வாட்சும் நிற்பதில்லை. முழுச் சாவியிலும் ஓடவில்லை என்றால் உள்ளே அழுக்கு, காய்ந்த எண்ணெய், அல்லது தேய்மானம்.

காலத்தை டயலிலுள்ள பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காலச் சுவிஸ் கம்பனிகள் பல, மெஷினை வேறு தொழிற்சாலைகளிடம் வாங்கித் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டன. பார்க்க வேண்டியது மெஷினின் எண்ணை. பின்மூடியைத் திறந்தால் இரு பக்கமும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரம் தெரியும். அதன் ஓரமாகவோ அடியிலோ உள்ள தகட்டில் மிகச் சிறிய முத்திரையும் எண்ணும் பொறித்திருக்கும். ஏ.எஸ்., ஈ.டி.ஏ., எஃப்.எச்.எஃப். என்பவை மெஷின் செய்து விற்ற தொழிற்சாலைகளின் அடையாளங்கள். உதிரிப்பாகம் தேடுவதும் இந்த எண்ணை வைத்துத்தான். 'ஃபேவர் லூபாவுக்கு மெயின் ஸ்பிரிங் வேண்டும்' என்று கேட்டால் கடைக்காரர் கைவிரிப்பார், எண்ணைச் சொன்னால் தேடிப் பார்ப்பார்.

மூடியின் உட்பக்கத்தையும் பாருங்கள். முன்பு திருத்தியவர்கள் ஊசியால் கீறிய திகதியும் குறியும் பல வாட்சுகளில் இருக்கும். கடைசியாக எப்போது சேர்விஸ் நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இதையெல்லாம் வீட்டில் சமையலறைக் கத்தியை வைத்துச் செய்யாதீர்கள். கத்தி வழுக்கினால் பேலன்ஸ் சக்கரம் போய்விடும். கடையில் திறக்கும்போது பக்கத்தில் நின்று போனில் படம் எடுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்று: மெஷினை முழுதாகக் கழற்றிக் கழுவுவீர்களா? பெட்ரோலில் அப்படியே முக்கி எடுத்து மேலே எண்ணெய் தெளிப்பதும் சேர்விஸ் என்ற பெயரில்தான் நடக்கிறது. அது சில மாதம் ஓடும், பிறகு பழைய கதைதான். வாட்ச் திரும்பி வந்ததும் டயல் மேலே இருக்க ஒரு நாள், கீழே இருக்க ஒரு நாள் வைத்துப் பாருங்கள். இந்த வயது வாட்ச் நாளுக்கு ஒரு நிமிடத்துக்குள் முன்பின் காட்டினால் திருப்திப்படலாம். திடீரென்று பல நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். ரேடியோ, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் அப்படி ஆகும். காந்தம் இறக்குவது கடையில் ஒரு நிமிட வேலை.

சாவியைத் தினமும் காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். 20 முதல் 30 சுற்றில் இறுகும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: கடைக்காரர் டயலைப் புதிதாகப் பெயின்ட் பண்ணி, கேசை (வெளிக்கூட்டை) பொலிஷ் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? (வாசகர், நாவலப்பிட்டி)

வேண்டாம். பழைய வாட்சுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. மீண்டும் எழுதிய டயலில் எழுத்து தடித்துப்போகும், நிமிடக் கோடுகள் கோணலாகும், அடியில் இருக்க வேண்டிய 'சுவிஸ் மேட்' காணாமல் போகும். விபரம் தெரிந்தவர் பார்த்ததும் விலையைப் பாதியாக்கிப் பேசுவார். கேசின் தங்க நிறம் முலாமாக இருந்தால், '20 மைக்ரோன்' என்று பின்னால் எழுதியிருந்தாலும் அது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குதான். பொலிஷ் சக்கரம் பட்டால் விளிம்புகளில் பித்தளை தெரியும். பின்னால் தாத்தாவின் பெயரோ தோட்டத்தின் பெயரோ பொறித்திருந்தால் அதுவும் மங்கிவிடும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியை மட்டும் தாராளமாக மாற்றலாம்.

கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் மெஷின் எண்ணையும், என்ன வேலை, எவ்வளவு பணம் என்பதையும் எழுதி வாங்குங்கள். பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். பாகம் மாறிப்போனால் பற்றுச்சீட்டும் படமும்தான் பேசும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அப்பப்பாவின் செய்கோ. பின்னால் 7009 என்று தொடங்கும் எண்ணும், 8N என்று தொடங்கும் ஆறிலக்க எண்ணும் உண்டு. சாவி திருகினால் ஏறவே இல்லை. பழுதா? (வாசகர், தலவாக்கலை)

பழுதில்லை. 7009 ஓட்டோமற்றிக் மெஷின், அதாவது கை அசைவில் தானாகச் சாவி ஏறுவது, அதில் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. அரை நிமிடம் மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். ஆறிலக்க எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்தது மாதம்: 1 முதல் 9 வரை அப்படியே, ஒக்டோபர் O, நவம்பர் N, டிசம்பர் D. ஆக உங்களுடையது 1978 அல்லது 1988 நவம்பர். 1968 ஆக முடியாது, அப்போது இந்த மெஷின் வரவில்லை. அப்பப்பா 1980களின் தொடக்கத்தில் கட்டியிருக்கும் படம் வீட்டில் இருந்தால் விடை கிடைத்துவிடும். இரவு 9 முதல் அதிகாலை 3 மணி வரை திகதியை மாற்ற வேண்டாம், பற்சக்கரம் உடையலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பனி படிகிறது. அடுப்பருகில் வைத்தால் மறைகிறது. அது போதுமா? (வாசகி, நுவரெலியா)

போதாது. பனி மறைகிறதே தவிர நீர் உள்ளேதான் இருக்கிறது, குளிர்ந்ததும் திரும்ப வரும். உருக்குப் பாகங்கள் துருப்பிடிக்கும், அதிலும் சாவித்தண்டுதான் முதலில் துருவேறும். அன்றைக்கே திறந்து உலர்த்தக் கொடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். ஐம்பது வருட ரப்பர் கல்லாகியிருக்கும், பின்னால் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருந்தாலும் கை கழுவும்போது கழற்றுவதுதான் சரி. கட்டாத நாளில் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கேள்வி: முள்களில் மஞ்சளான பூச்சு இருக்கிறது, இருட்டில் ஒளிரவில்லை. சுரண்டிவிடலாமா? (வாசகர், பண்டாரவளை)

தொடவே வேண்டாம். 1960கள் வரை இப்படிப் பூசியது கதிர்வீச்சுள்ள ரேடியமாக இருக்கலாம். ஒளிரும் பொருள்தான் செத்துப்போயிருக்கும். ரேடியம் பாதியாகக் குறைய 1600 வருடம் வேண்டும். மூடிய வாட்சைக் கட்டுவதைவிட, சுரண்டிய தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. டயலின் அடியில் 'சுவிஸ்' என்பதன் இருபுறமும் T இருந்தால் அது டிரிட்டியம் என்ற வேறொரு கதிர்வீச்சுப் பொருள். அது பாதியாகக் குறைய 12 வருடம்தான், அதனால் இப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கும். எதுவென்று தெரியாவிட்டால் திருத்துநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய வாட்ச் வாங்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து விலை கேட்கிறார். (வாசகர், அப்புத்தளை)

மெஷின் எண் தெரியாமல் விலை பேசாதீர்கள். கேஸ் தங்கமா என்பதை மூடிக்குள் 750, 18K போன்ற முத்திரை சொல்லும். முத்திரை இருந்தால் நகைக்கடையில் சோதித்த பிறகு பேசுங்கள். இல்லையென்றால் அதே பெயர், அதே மெஷின் கொண்ட வாட்சுகள் இணையத்தில் என்ன விலைக்கு விற்று முடிந்தன என்று பாருங்கள். கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், யாரும் எதையும் கேட்கலாம்.